அத்தியாயம் 9: வாணலியில் கரையாத லோங்கனிசா

பிலிப்பைன்ஸில் காலை ஆறரை மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் பூண்டு மணக்கும். முந்தின இரவு மிஞ்சிய சோற்றை நசுக்கிய பூண்டோடு வதக்குகிறார்கள். அதற்குப் பெயர் சினாங்காக். ஓரத்தில் ஒரு முட்டை, அது இட்லோக். பக்கத்தில் சிவந்து, பிசுபிசுவென்று பளபளக்கும் இரண்டு மூன்று லோங்கனிசா. மூன்று பெயரையும் ஒட்டி ‘லோங்சிலோக்’ என்று ஒரே சொல்லாக்கிக் கடைப்பலகையில் எழுதிவிடுவார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் ஊறிய வினிகர், பப்பாளிக்காயில் போட்ட அச்சாரா. அச்சாரா என்பது வேறொன்றுமில்லை, நம் பக்கத்து ‘அச்சார்’ கப்பலேறிப் போய் அங்கே குடித்தனம் வைத்ததுதான்.

லோங்கனிசா என்றால் பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் கொத்தி, பூண்டும் வினிகரும் உப்பும் பிசைந்து, குடல்தோலில் அடைத்த சாசேஜ். பெயர் ஸ்பானியர்கள் விட்டுப்போனது. ருசி முழுக்க உள்ளூர். இதில் பன்றியை எடுத்துவிட்டுச் சைவமாகச் செய்து விற்கும் சிறுதொழிலைப் பற்றியது இந்த அத்தியாயம்.

லகுனா மாகாணத்தில் குடியிருந்தபோது நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து நாங்கள் செய்த முதல் பத்து லோங்கனிசாக்களைப் பக்கத்து வீட்டு ஆத்தேயிடம் கொடுத்தோம். ஆத்தே என்றால் அக்கா. வயதில் மூத்த பெண் யாராக இருந்தாலும் அங்கே ஆத்தேதான். அவர் வாணலியில் அடுக்கினார், அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார், மூடி போட்டார். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. லோங்கனிசா சமைக்கும் முறையே அதுதான்: தண்ணீரில் வெந்து, கொழுப்பு கசிந்து, தண்ணீர் வற்றியதும் தன் கொழுப்பிலேயே தான் பொரியும். சர்க்கரை உருகித் தோல்மேல் பூச்சாகும். ஐந்து வயதிலிருந்து பார்த்துப் பழகிய முறை. பொட்டலத்தின் மேல் ‘தண்ணீர் வேண்டாம்’ என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர் எதற்குப் படிக்கப்போகிறார்?

பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் ஒரு முறை கிளறிப் பார்த்துவிட்டு, “இது லோங்கனிசா இல்லை தம்பி, லுகாவ்” என்றார். லுகாவ் என்றால் கஞ்சி.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் அந்த வாணலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ருசி, பொட்டலம், இணையத்தில் படம் எல்லாம் அப்புறம். வாங்கிப் போனவர் தன் அம்மா சமைத்த மாதிரிதான் சமைப்பார். அதற்குத் தாங்காத சரக்கை யாரும் இரண்டாவது முறை வாங்குவதில்லை.

எந்த ஊர் லோங்கனிசா?

‘பிலிப்பைன்ஸ் லோங்கனிசா’ என்று ஒன்று கிடையாது. நம்மூரில் ‘தமிழ்நாட்டு பிரியாணி’ என்று பலகை வைத்தால் திண்டுக்கல்காரரும் ஆம்பூர்க்காரரும் எப்படிச் சிரிப்பார்களோ, அப்படிச் சிரிப்பார்கள். பெரிய பிரிவு இரண்டு. இனிப்பு தூக்கலாக இருந்தால் ஹமோனாடோ. பூண்டும் புளிப்பும் தூக்கலாக இருந்தால் ரெகாடோ. அதற்குள் ஊருக்கு ஊர் சண்டை.

வடக்கே இலோகோஸ் சூர் மாகாணத்தின் விகான் நகரத்து லோங்கனிசா குட்டையாக, குண்டாக, பூண்டு நெடியோடு இருக்கும். அதன் ருசிக்கு இரண்டு காரணம். ஒன்று அந்த வட்டாரத்துப் பூண்டு. பல் சிறியது, காரம் பெரியது. கொடைக்கானல் மலைப்பூண்டு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். இன்னொன்று சுகாங் இலோகோ என்னும் கரும்பு வினிகர். கரும்புச்சாற்றிலிருந்து இறக்கும் ‘பாசி’ என்ற மது மேலும் புளித்தால் இந்த வினிகர். அந்த மதுவைத் தாங்களே காய்ச்சிக்கொள்ள ஸ்பானிய அரசு தடை போட்டதற்காக 1807-ல் அந்த வட்டாரத்து மக்கள் கலகமே செய்திருக்கிறார்கள். கலகத்தை வரைந்த 14 பழைய ஓவியங்கள் இன்றும் விகானில் இருக்கின்றன. புளிப்பு விஷயத்தில் அவர்களிடம் விளையாடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேசோன் மாகாணத்து லுக்பானில் ஓரிகானோ வாசம். ஆண்டுதோறும் மே 15-ல் நடக்கும் பாஹியாஸ் திருவிழாவில் வீட்டு முகப்பையே காய்கறியாலும் வண்ண அரிசி அப்பளத்தாலும் அலங்கரிக்கும் ஊர் அது. லோங்கனிசாச் சரமும் அங்கே அலங்காரப் பொருள்தான். பம்பாங்காவில் இனிப்பு. செபுவில் உருண்டை உருண்டையாக, சிவப்பாக, அதைவிட இனிப்பாக. பங்காசினான் மாகாணத்து அலாமினோஸில் ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே நூலுக்குப் பதில் பல்குத்தும் குச்சி. கபனாதுவானில் மாட்டிறைச்சியில் செய்வதற்கு ‘பதுதாய்’ என்று தனிப்பெயர்.

நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றை மட்டும். என் பரிந்துரை விகான். காரணம் எளிது: அதன் அடையாளம் பூண்டு, வினிகர், மிளகு. மூன்றும் செடியிலிருந்து வருபவை. இனிப்பு வகையில் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து கருகும் மணம்தான் உயிர். அதைச் சைவத்தில் பிடிப்பது கடினம். அடுப்பில் சட்டென்று தீய்ந்தும் போகும். ‘விகான்’, ‘வீகன்’ என்று பெயரில் சிலேடை செய்யும் ஆசை வரும். ஒரு நாள் சிரிப்பார்கள். உண்மையான விகான்காரர் வாங்கிச் சாப்பிட்டு ‘பூண்டு போதாது’ என்று சொன்னால் அந்தச் சிலேடையே உங்களுக்கு வினை.

யார் வாங்குவார்கள்?

பன்றி இறைச்சியை விரும்பிச் சாப்பிடும் நாட்டில் இதை யார் வாங்குவார் என்று கேட்பது நியாயம். பணக்காரப் பகுதியின் உடற்பயிற்சிக் கூட இளைஞர்களை மட்டும் எண்ணிக் கடை விரித்தால் சீக்கிரம் மூட வேண்டியிருக்கும்.

2019-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸுக்குள் வந்தது. பண்ணைகள் காலியாகின, விலை ஏறியது. 2021 பிப்ரவரியில் மணிலா பெருநகரப் பகுதியில் தொடை, தோள் கறிக்குக் கிலோ 270 பெசோ, வயிற்றுக்கறிக்கு 300 பெசோ என்று அரசே 60 நாளுக்கு உச்சவரம்பு போட்டது. பல வியாபாரிகள் கடையைச் சாத்திக்கொண்டார்கள். பன்றி விலை ஏறும்போதெல்லாம் ‘வேறு என்ன செய்யலாம்’ என்று யோசிக்கும் வீட்டுக்காரிகள் உண்டு. உங்கள் சரக்கு அந்த நேரத்தில் கண்ணில் படவேண்டும்.

அடுத்தது தவக்காலம். கத்தோலிக்கர்கள் அந்த நாற்பது நாளின் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் பாசிப்பயறு என்பது பல வீடுகளில் ஆண்டு முழுவதும் வழக்கம். புனித வாரத்துக்கு முந்தின பதினைந்து நாள் உங்களுக்குத் தீபாவளி மாதிரி. உறைபெட்டியை அதற்குள் நிரப்பி வைக்க வேண்டும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரில் சைவர்கள் நிறையப் பேர். கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்த ‘வெஜ்மீட்’ அவர்கள் வீட்டில் பழகிய பொருள். அவர்கள் ஊருக்குள் ஒரு கடை பிடித்தால் அது நிலையான வாடிக்கை. ஆனால் சனிக்கிழமை அங்கே போய் நிற்காதீர்கள், அது அவர்களின் ஓய்வுநாள். தெற்கே மிந்தனாவோவில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அங்கே ‘பன்றி இல்லை’ என்பது போதாது. ஹலால் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தச் சொல்லைப் பொட்டலத்தில் போடக் கூடாது. தாவோவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும் வாங்குவார்கள். ஆனால் பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பிவிடும் கூட்டத்தை நம்பி முதல் போட வேண்டாம்.

பெரிய கம்பெனிகள் இந்தக் களத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. நூடுல்ஸ் விற்கும் மொண்டே நிசின் 2015-லேயே பிரிட்டனின் ‘குவார்ன்’ நிறுவனத்தை வாங்கிவிட்டது. டப்பா மீன் விற்கும் செஞ்சுரி பசிபிக் 2020-ல் ‘அன்மீட்’ கொண்டுவந்தது. சூப்பர்மார்க்கெட் அலமாரியில் அவர்களோடு விலையில் மோத முடியாது, மோதவும் வேண்டாம். நேற்று உருட்டியது, இன்ன ஊர்ப் பக்குவம், சமைத்தவர் முகம் தெரியும் என்பது அவர்களால் முடியாத காரியம்.

பக்குவம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். கெடுவதும் நிற்பதும் இங்கேதான்.

சதைக்கு என்ன போடுவது? வாழைப்பூ, பலாப்பிஞ்சு, தோக்வா என்னும் சோயாக்கட்டி, சிப்பிக் காளான், சோயாத் துகள் என்று அங்கே எல்லாம் கிடைக்கும். பலாப்பிஞ்சு நார்நாராகப் பிரிவதைப் பார்த்துப் பலரும் அதில் ஆரம்பிப்பார்கள். கொத்திய கறிக்கு நார் வேண்டியதில்லை, மணி வேண்டும். பலாவில் புரதம் மிகக் குறைவு, தண்ணீர் மிக அதிகம். வாணலியில் கஞ்சியாவதற்கு அதுவே குறுக்குவழி. வாழைப்பூ கருத்துப்போகும், ஆய்வதற்குக் கூலி கொடுத்து மாளாது. நம் வீட்டில் மீல் மேக்கர் என்று சொல்கிறோமே, அதன் பொடித்துகள்தான் அடித்தளம். கடிக்கும் பதத்துக்கும் மணத்துக்கும் சிப்பிக் காளான்.

சுமார் 40 துண்டு வரும் ஒரு ஈடுக்கான அளவு இது. சோயாத் துகள் 300 கிராம் எடுத்து, 600 மில்லி கொதிக்கும் காளான் சாற்றில் இருபது நிமிடம் ஊறவைத்து லேசாகப் பிழியுங்கள். வெந்நீரில் மட்டும் ஊறவைத்தால் சோயா வாடை நிற்கும். முதல் வெந்நீரைக் கொட்டிவிட்டு, பிறகு சாற்றில் ஊறவைப்பது இன்னும் நல்லது. சிப்பிக் காளான் 300 கிராமை நாராகக் கிழித்து, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் பாதி எடையாகும்வரை வதக்கிக் கொத்துங்கள். பூண்டு 80 கிராம். ஆமாம், எண்பதுதான். பாதியைப் பச்சையாக நசுக்குங்கள், மீதியைப் பொன்னிறமாக வதக்குங்கள். கரும்பு வினிகர் 40 மில்லி, சோயா சாஸ் 40 மில்லி, உப்பு 18 கிராம், கொரகொரப்பாக உடைத்த மிளகு 8 கிராம், பழுப்புச் சர்க்கரை 30 கிராம். இனிப்பு வகை வேண்டுமானால் சர்க்கரையை 180 கிராம்வரை ஏற்றலாம்.

நிறத்துக்கு அச்சுவேத்தே விதை. பாலாடைக்கட்டிக்கும் வெண்ணெய்க்கும் நிறம் கொடுக்கும் அனாட்டோவேதான். எண்ணெயை மிதமாகச் சூடாக்கி விதையைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் எண்ணெய் குங்குமமாகிவிடும். உடனே வடித்துவிடுங்கள். விதை கருகினால் கசக்கும். இறைச்சி லோங்கனிசாவில் சிவப்புக்கும் பாதுகாப்புக்கும் வெடியுப்பு சேர்ப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. பொட்டலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்று.

கொழுப்புதான் பாதி ருசி. பன்றிக்கொழுப்பு வெள்ளை வெள்ளையாகப் புள்ளியாகத் தெரியவேண்டும், வாயில் உருகவேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். மார்கழிக் காலையில் நம் குளியலறைப் பாட்டிலில் உறைந்து நிற்குமே, அந்த நிலை மணிலா போன்ற ஊரில் அநேகமாகத் தானாக வராது. அங்கத்து வெயிலில் அது தண்ணீர்தான். அதனால் 120 கிராம் எண்ணெயில் 90 கிராமை, மணம் நீக்கிய வகையாகப் பார்த்து, தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவையுங்கள். கேரட் துருவியில் துருவி, திரும்ப ஃப்ரீசருக்குள் வையுங்கள். பிசையும் கடைசி நிமிடத்தில் மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மீதி 30 கிராம் அச்சுவேத்தே எண்ணெய்.

இனி கட்டு. நாங்கள் கஞ்சி காய்ச்சியது இந்த இடத்தில்தான். முதல் ஈட்டில் மெத்தில் செல்லுலோஸை மட்டும் நம்பினோம். விசித்திரமான பொருள் அது. கடற்பாசி ஜெல்லி சூட்டில் இளகும், குளிரில் இறுகும். இது நேர் எதிர்: குளிரில் கரையும், சூட்டில் இறுகும். பொரிக்கும்போது பிரமாதமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இறுகுவதற்கு முன்பே அரை டம்ளர் தண்ணீரில் போட்டால் கரைந்து ஓடிவிடும். ஆத்தேயின் வாணலியில் நடந்தது அதுதான்.

ஆகவே இரண்டு கட்டு வேண்டும். மெத்தில் செல்லுலோஸ் 18 கிராமை 250 மில்லி பனிக்கட்டித் தண்ணீரில் மிக்ஸியில் அடித்து, நாலைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரப்பட்டால் திப்பி திப்பியாக நிற்கும். அதோடு கோதுமைக் குளூட்டன் மாவு 60 கிராம். குளூட்டன் ஒருமுறை வெந்து இறுகினால் திரும்ப இளகாது. எல்லாவற்றையும் குளிர்ச்சியாகவே பிசைந்து, கடைசியில் தேங்காய் எண்ணெய்த் துருவலைத் தூவிப் புரட்டி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்தால் கட்டு மலிவாக வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வரும். ஆனால் பொட்டலத்தின்மேல் எழுதியது பொய்யாகிவிடும். அதேபோலச் சிப்பிச் சாறு, மீன் சாறு இரண்டும் அங்கே காய்கறிச் சமையலில்கூடக் கைதவறி விழும் பொருள்கள். வேலைக்கு வைப்பவரிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தோல் விஷயத்தில் என் கருத்து: வேண்டாம். கடையில் கிடைக்கும் கொலாஜன் உறை விலங்கிலிருந்து வருவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உறை சைவம்தான், ஆனால் கால்சியம் கரைசலில் முக்கி ஒரே கனத்தில் கொண்டுவருவதற்கு இயந்திரமும் பழக்கமும் வேண்டும். தோலில்லாத லோங்கனிசா அங்கே புதுமையே அல்ல. ‘ஹுபாட்’ என்பார்கள், அம்மணம் என்று பொருள். காகிதத்தில் உருட்டி விற்பது வழக்கம்தான். நீங்களும் 40 கிராம் எடுத்து, விரல் நீளத்துக்கு உருட்டி, பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுருட்டி இரண்டு முனையையும் முறுக்குங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும்.

கடற்பாசி என்றதும் ஒரு சேதி. இராமநாதபுரம் கடலோரத்தில் நம் பெண்கள் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசிக்குப் பிலிப்பைன்ஸ் கடல்தான் தாய்வீடு. அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் அங்கே மலிவாகக் கிடைக்கிறது. மெத்தில் செல்லுலோஸ் கிடைக்காதபோது மாற்றாகப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது சூட்டில் இளகும் கட்சி. குளூட்டனைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உருட்டியதை அப்படியே விற்காதீர்கள். இட்லிச் சட்டியில் அடுக்குவதுபோல அடுக்கி, ஆவியில் 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள். நடுவில் வெப்பமானி குத்தினால் 85 டிகிரி காட்டவேண்டும். இப்போது குளூட்டன் இறுகிவிட்டது. இனி யார் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது.

மாற்றியமைத்த சரக்கை அதே ஆத்தேயிடம் கொண்டுபோனோம். எதுவும் சொல்லவில்லை. மறுபடி அரை டம்ளர் தண்ணீர், மறுபடி மூடி. தண்ணீர் வற்றியபோது வாணலியின் ஓரத்தில் சிவந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வட்டம் கட்டியது. பிறகு அந்தச் ‘சுர்ர்’. அவர் கரண்டியால் ஒன்றைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் கருஞ்சிவப்பாகப் பொறுக்கு கட்டியிருந்தது. பழைய சோற்றை எடுத்து அதே எண்ணெயில் கொட்டிக் கிளற ஆரம்பித்தார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் நற்சான்று. நல்ல லோங்கனிசாவின் எண்ணெயை யாரும் வீணாக்க மாட்டார்கள்.

கெடாமல் வைப்பது

இறைச்சி லோங்கனிசாவைக் கடைவாசலில் சரமாகத் தொங்கவிடுகிறார்களே என்று உங்களுடையதைத் தொங்கவிட்டால் ஆபத்து. அங்கே உப்பு, வெடியுப்பு, வினிகர், உலர்தல் என்று நாலு காவல். உங்கள் சரக்கில் ஈரம் அதிகம், புளிப்பு குறைவு, வெடியுப்பு கிடையாது.

சோயாத் துகள் காய்ந்த பொருள்தானே என்ற அலட்சியம் கூடாது. காய்ந்த பொருளில் உறங்கும் கிருமி வித்துகள் ஊறியதும் விழித்துக்கொள்ளும். ஊறவைத்ததை அடுப்படியில் மணிக்கணக்காக மறந்துவிடாதீர்கள். ஆவியில் வெந்தவற்றை விரித்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கீழே கொண்டுவாருங்கள். மின்விசிறியும் பனிக்கட்டித் தட்டும் போதும். பிறகு ஒற்றை வரிசையாகத் தட்டில் உறையவைத்து, உறைந்த பிறகே காற்றுநீக்கிய உறையில் அடைக்கவேண்டும். காற்று இல்லாத உறை என்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. போட்யூலிசம் உண்டாக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். மைனஸ் 18 டிகிரியில் உறைந்தே இருக்கும்வரைதான் அந்த உறை உங்கள் பக்கம்.

ஜூன் முதல் நவம்பர்வரை புயல் காலம், மின்வெட்டை அங்கே ‘பிரவுன்அவுட்’ என்பார்கள். ஃப்ரீசரை எப்போதும் நிறைத்து வையுங்கள். சரக்கு இல்லையென்றால் தண்ணீர்ப் பாட்டிலாவது அடுக்குங்கள். நிறைந்த பெட்டி மெதுவாகத்தான் குளிர் இழக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயம் வைத்துவிடுங்கள். நாணயம் கிண்ணத்துக்குள் இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சரக்கு குப்பைக்கு. மனம் வராது. தூக்கிப் போடுங்கள்.

கணக்கு

கீழே உள்ளவை கணக்குப் பழக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் சந்தை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஐந்து ஈடு, ஈட்டுக்கு 40 துண்டு, எட்டுத் துண்டுக்கு ஒரு பொட்டலம் என்றால் 25 பொட்டலம். மூலப்பொருள் ஈட்டுக்கு 330 பெசோ வீதம் 1,650. உறையும் சீட்டும் பொட்டலத்துக்கு 9 வீதம் 225. எரிவாயு, மின்சாரம், பனிக்கட்டி 200. இரண்டு பேர் கூலி 1,000. கூட்டினால் 3,075. உடைந்தது, ருசி பார்த்தது என்று ஒரு பொட்டலம் போய்விடும். 24-ஆல் வகுத்தால் ஒன்றின் அடக்கம் 128 பெசோ. மறுவிற்பனையாளருக்கு 160-க்குக் கொடுத்து அவர் 200-க்கு விற்றால், உங்களுக்கு ஒரு நாளில் 765 பெசோ நிற்கும். வாரம் மூன்று நாள் செய்தால் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். வாடகை, ஃப்ரீசர் தவணை, உரிமக் கட்டணம், வரி எல்லாம் இதற்குள்.

இரண்டு பேர் கூலியில் ஒருவர் நீங்கள். வீட்டில் தொழில் தொடங்கும் முக்கால்வாசிப் பேர் தங்கள் கூலியை எழுத மறப்பார்கள், ஆறு மாதம் லாபம் என்று மகிழ்வார்கள். இலோகோஸ் பூண்டு இறக்குமதிப் பூண்டைவிட நன்றாகவே விலை கூடுதல். அதைச் சேர்க்காமல் விகான் பெயரைப் போடாதீர்கள், வேறெதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

முதலுக்கு ‘ஃபைவ்-சிக்ஸ்’ பக்கம் போகவே வேண்டாம். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்தப் பெயர். நம் கந்துவட்டிக்குச் சகோதரன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அங்கே அந்தத் தொழிலுக்குப் பேர்போனவர்கள் மோட்டார் சைக்கிளில் வரும் இந்தியர்கள். அதற்கு மாற்றாக 2017-ல் அரசு குறுந்தொழில்களுக்கென்று ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது. ஊரில் உள்ள ‘நெகோஸ்யோ சென்டர்’ அலுவலகத்தில் இப்போது என்ன கடன் கிடைக்கும் என்று கேளுங்கள்.

காகிதங்கள்

பெயரை வர்த்தகத் தொழில் துறையில் பதியவேண்டும். பராங்காய் என்னும் வட்டார எல்லைக்குள் மட்டும் என்றால் 200 பெசோ, நகரம் 500, மண்டலம் 1,000, நாடு முழுவதற்கும் 2,000. முத்திரைக்கு 30. ஐந்து ஆண்டு செல்லும். பிறகு பராங்காய் அனுமதி, சுகாதார அனுமதி, மேயர் உரிமம், வருமானவரி அலுவலகப் பதிவு. உணவுப் பொருள் என்பதால் உணவு மருந்து நிர்வாகத்தில் முதலில் இயங்கும் உரிமம், அதற்கப்புறம் ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பதிவுச் சான்று. வரிசை மாறாது. சமையலறை குடும்பம் புழங்கும் அறையோடு கலந்திருக்கக் கூடாது. வரைபடம் கொடுக்கும்போது இது உதைக்கும், இடம் பார்க்கும்போதே கவனியுங்கள். பொட்டலத்தில் சோயா, கோதுமை என்று ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாக எழுதவேண்டும்.

நிலம் நீங்கலாகச் சொத்து 30 லட்சம் பெசோவுக்குள் இருந்தால் 2002-ம் ஆண்டின் குறுந்தொழில் சட்டத்தின்கீழ் பதிந்து வருமானவரி விலக்குப் பெறலாம். இதை விட்டுவிடாதீர்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு முக்கியமானது இது. உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் தொழிலில் வெளிநாட்டவர் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டினால், பொதுவிதியாகக் குறைந்தது 2 லட்சம் அமெரிக்க டாலர் மூலதனம் காட்டவேண்டும். லோங்கனிசாவுக்கு அது கனவு. ஆகவே தொழில் பிலிப்பினோ மனைவி அல்லது கணவன், இல்லையென்றால் உண்மையிலேயே முதல் போட்டு உண்மையிலேயே நடத்தும் உள்ளூர்க் கூட்டாளியின் பெயரில் இருக்கவேண்டும். பெயரை மட்டும் இரவல் வாங்கும் தந்திரத்துக்கு 1936-லிருந்து அங்கே தனிச் சட்டமும் சிறையும் இருக்கின்றன.

விற்பது

சாரி-சாரி என்னும் பெட்டிக்கடைகளில் ‘திங்கி’ வழக்கம் உண்டு: ஒரு பல் பூண்டு, ஒரு சிகரெட், கால் பாட்டில் எண்ணெய். எட்டுத் துண்டுப் பொட்டலத்தோடு மூன்று துண்டுப் பொட்டலமும் போடுங்கள். லாபம் குறைவுதான். ஆனால் புதுச் சரக்கை முழு விலை கொடுத்துச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். லோங்சிலோக் விற்கும் சிறு சாப்பாட்டுக்கடை இரண்டைப் பிடிக்க முடிந்தால் இன்னும் விசேஷம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள், எளிதில் ஒத்துக்கொள்வார்கள்.

பெயர்ப்பலகையில் ‘லோங்கனிசா’ பெரிதாக, ஊர்ப் பெயர் அதன்கீழ், ‘இறைச்சி இல்லை’ என்பது படிக்கும்படி தெளிவாக. ஏமாற்றி விற்றதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே நேரம் உடல்நலப் பிரசங்கமும் வேண்டாம். காலைப் பசியில் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் பாடம் பிடிக்காது.

உரிமத்துக்கு அலையத் தொடங்கும் முன் ஒரு வேலை. பத்து வீடு தேர்ந்தெடுங்கள். நண்பர்கள் வேண்டாம், கூச்சத்துக்கு நல்ல வார்த்தை சொல்வார்கள். சமையல் குறிப்பு எதுவும் எழுதாத பொட்டலம் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள். எப்படிச் சமைப்பது என்று கேட்டால், ‘வழக்கமாக எப்படியோ அப்படி’ என்று மட்டும் சொல்லுங்கள். மறுநாள் போய் ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி போதும்: தண்ணீர் ஊற்றினீர்களா, உடைந்ததா, மிஞ்சிய எண்ணெயை என்ன செய்தீர்கள்? பத்தில் எட்டு வீட்டில் அந்த எண்ணெய் சோற்றுக்குள் போயிருந்தால் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். ஐந்து வீடுதான் என்றால் குளூட்டனைப் பத்து கிராம் கூட்டி, ஆவியில் ஐந்து நிமிடம் அதிகம் வைத்து, வேறு பத்து வீட்டுக்குப் போங்கள்.